கொழும்பு ரேஸ்கோர்ஸில் போர் விமானம் இறங்கியது உண்மையா?

கேள்வி: கொழும்பு 7இல் இருக்கும் ரேஸ்கோர்ஸ் மைதானம் இரண்டாம் உலகப் போரின்போது விமானத்தளமாக இருந்ததாமே. நிஜமா, சும்மா கதையா?

நிஜம்தான். இன்று ரக்பி விளையாட்டும், பழைய பார்வையாளர் மண்டபத்தில் கடைகளும் சாப்பாட்டு இடங்களுமாக இருக்கிற அதே மைதானம்தான். அந்தப் பக்கம் வேலை பார்த்தவன் என்பதால், கோப்பி குடிக்க வரும் நண்பர்களைப் பிடித்து வைத்து இந்தக் கதையைச் சொல்வது எனக்கு ஒரு பழக்கம்.

1893இலிருந்து அங்கே குதிரைகள்தான் ஓடின. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும், ஜப்பான்காரன் அடுத்து இலங்கைக்குத்தான் வருவான் என்று பிரிட்டிஷாருக்குக் கிலி பிடித்துவிட்டது. கொழும்பைக் காக்க இரத்மலானை விமானத்தளம் மட்டும் போதாது. புதிதாக இடம் தேடிக் காடு வெட்டவும் நேரமில்லை. நகரத்துக்கு நடுவே மரமில்லாத, மட்டமான, நீளமான வெளி ஒன்று கிடக்கும்போது யார் விடுவார்கள்? அவசர அவசரமாக அதில் ஓடுபாதை போட்டார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 258ஆம் படைப்பிரிவுக்குச் சொந்தமான ஹரிக்கேன் போர் விமானங்கள் அங்கே வந்து நின்றன. அதன் விமானிகளில் சிலர் சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் அடிவாங்கித் தப்பி வந்தவர்கள்.

ஏப்ரல் 4ஆம் தேதி, கொக்கலை வாவியிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா கடல் விமானம் தெற்கே ரோந்து போனது. ஓட்டியவர் லெனார்ட் பர்ச்சல், கனடாக்காரர். மாலை நெருங்கும் நேரத்தில் அடிவானத்தில் புள்ளிகள் தெரிய, என்னவென்று பார்க்கக் கிட்டப் போனார். அட்மிரல் நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படையே அங்கே வந்துகொண்டிருந்தது. செய்தியை வயர்லெஸ்ஸில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானின் ஜீரோ போர் விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்திவிட்டன. பர்ச்சல் பிடிபட்டுப் போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்தார். ஆனால் செய்தி கொழும்புக்கு வந்துவிட்டது. துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பலவற்றை இரவோடிரவாக வெளியேற்றினார்கள்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. (ஈஸ்டர் தாக்குதல் என்றால் இப்போது எல்லோருக்கும் 2019தான் நினைவுக்கு வரும். இது அதற்கு 77 வருடம் முந்தியது.) காலை ஏழரை தாண்டி, ஏறக்குறைய 125 விமானங்கள் கொழும்புக்கு மேலே. முன்கூட்டியே செய்தி கிடைத்தும், இரத்மலானையில் இருந்த விமானிகள் தலைக்கு மேலே எதிரியைக் கண்ட பிறகுதான் ஓடிப்போய் விமானத்தில் ஏறினார்கள். திருகோணமலைப் பக்கத்துச் சீனன்குடாவிலிருந்து டார்ப்பிடோவோடு வந்துகொண்டிருந்த பிரிட்டிஷாரின் ஆறு சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் சரியாக அந்த நேரம் பார்த்து நடுவே மாட்டிக்கொண்டன. ஆறும் போயின.

ரேஸ்கோர்ஸ் கதை வேறு. அங்கே ஒரு விமானத்தளம் இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. அவர்கள் குறி துறைமுகமும் இரத்மலானையும்தான். குதிரைப் பந்தய மைதானத்தில் எவன் குண்டு போடுவான்? அதனால் 14 ஹரிக்கேன்கள் தரையில் அடிவாங்காமல் எழும்பின. அந்த இடத்தின் முழுப் பலனும் அந்தச் சில நிமிடங்கள்தான் என்று நான் சொல்வேன். மேலே போனதும் நிலைமை மாறிவிட்டது. சட்டென்று வளைந்து திரும்புவதில் ஜீரோவுக்கு ஹரிக்கேன் ஈடில்லை. அந்த 14இல் பாதிக்கு மேல் அன்றே போய்விட்டன.

துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. அப்புறம் கொழும்புச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடியது தனிக் கதை. நாலு நாள் கழித்துத் திருகோணமலை அடிவாங்கியது. ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதும் அன்றுதான். சுழியோடிகள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள்.

போர் முடிந்து குதிரைகள் திரும்பின. ஆனால் 1950களில் பந்தயமும் நின்றுபோய், மைதானமும் மண்டபமும் பல வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2012இல்தான் மண்டபத்தைச் செப்பனிட்டுக் கடைத்தொகுதி ஆக்கினார்கள்.

போய்ப் பார்ப்பதானால் மேல் படிகளில் ஏறி மைதானத்தைப் பாருங்கள். இவ்வளவு சின்ன இடத்திலிருந்தா போர் விமானம் எழும்பியது என்று தோன்றும். பழைய விமானங்களைக் கிட்ட நின்று பார்க்க ஆசை என்றால், இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.