மெயிலின் பழைய முகம் திரும்ப வருமா?

கேள்வி: நான் 57 வயதுக் காப்பீட்டு முகவர். பதினாறு வருடமாக ஒரே இலவச மெயில் முகவரிதான். பாலிசிதாரர்கள் எல்லோரிடமும் அதுதான் இருக்கிறது. ஒருநாள் காலையில் திறந்தால் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. இடது பக்கம் அரட்டை, வீடியோ என்று நான் கேட்காததெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுத்தில் இருந்த பட்டன்கள் படமாகிவிட்டன. ஒருவர் அனுப்பிய படிவம் ஏதோ ஒரு டேபுக்குள் போய், நான்கு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. பழைய தோற்றம் திரும்ப வர வழி உண்டா? பணம் கட்டினால் தருவார்களா? இல்லை, வேறு மெயிலுக்கே போய்விடட்டுமா?
– விருதுநகர் மாவட்ட வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோபம் தணியும் வரை முகவரியை மாற்றாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கு, பான், வருங்கால வைப்பு நிதி, நூற்றுக்கணக்கான பாலிசிதாரர்கள் என எல்லாம் அந்த ஒரு முகவரியில் கட்டுண்டு கிடக்கின்றன. வீட்டுக்குப் பெயின்ட் பிடிக்கவில்லை என்பதற்காக ஊரையே காலி செய்வதற்கு நிகரானது அது.

பழைய தோற்றம் திரும்ப வராது. பெரிய சேவைகள் புது முகத்தைக் கொண்டுவரும்போது சில மாதம் "பழையபடி மாற்று" என்று ஒரு வழியைத் திறந்து வைப்பார்கள், பிறகு அதை மூடிவிடுவார்கள். ஜிமெயில் 2018-இல் அப்படித்தான் செய்தது. அரட்டையையும் வீடியோ அழைப்பையும் மெயிலோடு ஒட்டவைத்த 2022-ஆம் ஆண்டு மாற்றத்திலும் அதுவே நடந்தது. ஹாட்மெயில் வைத்திருந்தவர்கள் 2013-இல் அவுட்லுக் டாட் காம் தோற்றத்துக்கு ஒட்டுமொத்தமாக நகர்த்தப்பட்டார்கள். பணம் கட்டினாலும் பழைய முகம் கிடைக்காது. கூகுள் ஒன் சந்தா கட்டினால் கூடுதல் இடம் கிடைக்கும். மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாகத் தரும் 15 ஜிபி போதாதவர்களுக்குத்தான் அது. தோற்றத்தை விலைக்கு வாங்க முடியாது. இதற்காகச் சந்தா கட்டியவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் உங்களைத் தொந்தரவு செய்யும் விஷயங்களில் பெரும்பாலானவற்றை அணைத்துவிடலாம். உங்கள் சேவை எது என்று நீங்கள் எழுதவில்லை. அதிகம் பேர் வைத்திருப்பது என்பதால் ஜிமெயிலை வைத்தே சொல்கிறேன். கம்ப்யூட்டரில் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்துங்கள். முதலில் வரும் சின்னப் பட்டியலோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அதன் தலையில் உள்ள "சீ ஆல் செட்டிங்ஸ்" என்பதைத் திறந்தால்தான் முழுப் பக்கமும் வரும். அங்கே "சாட் அண்ட் மீட்" என்ற பகுதியில் அரட்டையை அணைத்து, வீடியோ அழைப்புக்கான "மீட்" என்பதை மறைத்துவிட்டால் இடது பக்கப் பட்டை காலியாகிவிடும். படிவம் காணாமல் போன கதைக்கு "இன்பாக்ஸ்" பகுதிக்குப் போய், புரமோஷன்ஸ், சோஷியல், அப்டேட்ஸ் என்று இருக்கும் டிக்குகளை எடுத்துவிடுங்கள். அதன்பின் எல்லாக் கடிதமும் முன்போல ஒரே வரிசையில் வரும். ஒவ்வொரு பகுதியிலும் அடியில் இருக்கும் "சேவ் சேஞ்சஸ்" பட்டனை அழுத்தாமல் வெளியே வந்தால் செய்ததெல்லாம் வீண்.

டேபுகள் இருப்பது வசதி என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் தவறான டேபில் விழுந்த ஒரு கடிதத்தை இழுத்து "பிரைமரி"யில் போட்டால் போதும். இந்த அனுப்புநரின் கடிதங்கள் இனிமேலும் இங்கேயே வரட்டுமா என்று அதுவே கேட்கும், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். தொழிலுக்கு மெயிலை நம்பியிருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரே வரிசைதான் நல்லது என்பது என் கருத்து.

பட்டன்கள் படமாக மாறியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என் பெரியம்மா பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். அவர் வைத்திருந்தது ஒரு பெரிய நிறுவனத்தின் இலவச மெயில். பென்ஷன் தொடர்பான கடிதம் ஒன்று வந்திருந்தது. மேலே ஒரு பெட்டி, அதற்குள் கீழ்நோக்கிய அம்புக்குறி. "இதுதானே டவுன்லோடு?" என்று அழுத்தினார். கடிதம் மறைந்தது. இறங்கவில்லையோ என்று அடுத்த கடிதத்தைத் திறந்து மறுபடி அழுத்தினார், அதுவும் மறைந்தது. இப்படியே அந்த மாதத்துக் கடிதங்கள் முழுவதும் போய்விட்டன என்று இரண்டு நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார், தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்ற பயத்தில். அந்தப் பெட்டி டவுன்லோடு அல்ல, ஆர்க்கைவ். கடிதம் அழியாது, இன்பாக்ஸ் வரிசையிலிருந்து மட்டும் எடுத்து உள்ளே வைக்கும். "ஆல் மெயில்" என்பதைத் திறந்தபோது எல்லாம் அப்படியே இருந்தது. பெரியம்மா செய்த தவறு என்று இதில் எதுவும் இல்லை. எழுத்து இருந்த இடத்தில் படத்தை வைத்தவர்கள்தான் இதற்குப் பொறுப்பு.

ஜிமெயிலில் எழுத்தைத் திரும்பப் பெற முடியும். அதே முழுப் பக்கத்தில், "ஜெனரல்" பகுதியில், கொஞ்சம் கீழே இறங்கினால் "பட்டன் லேபிள்ஸ்" என்று இருக்கும். ஐகான்ஸ் என்பதை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். பெட்டி போய் "ஆர்க்கைவ்" என்ற சொல் வரும், குப்பைத்தொட்டி போய் "டெலீட்" வரும். மேலே மொழியைத் தமிழாக மாற்றினால் இந்தச் சொற்களும் தமிழில் வரும். பக்கத்திலேயே "அன்டூ சென்ட்" நேரம் இருக்கிறது, அதை 30 நொடி ஆக்கிவிடுங்கள். இடம் மாறிய பட்டன்களுக்குப் பழகும் வரை, தவறி அனுப்பிய கடிதத்தைப் பிடித்து நிறுத்த அது உதவும். வரிசைகள் நெருங்கியோ விலகியோ தெரிந்தால், பல்சக்கரத்தை அழுத்தியதும் வரும் அந்தச் சின்னப் பட்டியலில் "டென்சிட்டி" என்பதில் மாற்றலாம். எழுத்து சிறிதாக இருந்தால் கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியைத் தட்டினால் போதும்.

அவுட்லுக் டாட் காம் என்றால், கடிதங்களை இரண்டாகப் பிரித்துக் காட்டும் "ஃபோகஸ்டு இன்பாக்ஸ்" என்பதையும், கடிதங்களைக் கொத்தாகக் கட்டும் கான்வர்சேஷன் அமைப்பையும், செட்டிங்ஸில் மெயில், லேஅவுட் என்ற பகுதியில் அணைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "பழைய தோற்றத்தைத் திரும்பத் தரும்" என்று சொல்லும் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள், தேடினால் கிடைக்கும். நிறுவும்போது குரோம் ஒரு பெட்டியைக் காட்டும்: மெயில் தளத்தில் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி தருகிறீர்களா என்று கேட்கும். உங்களிடம் இருப்பது உங்கள் கடிதங்கள் மட்டுமல்ல. பாலிசிதாரர்களின் ஆதார் நகலும் வங்கி விவரமும் அங்கேதான் கிடக்கின்றன. ஒரு பட்டனின் நிறத்துக்காக அதை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் தம்பிக்குப் பார்வை இல்லை. திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளோடுதான் கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறான். ஜிமெயிலில் முன்பு எளிய பக்கம் ஒன்று இருந்தது, அது அவனுக்கு நன்றாகப் பழகியிருந்தது. இப்போது அது இல்லை. என்ன செய்வது?
– திருச்சி வாசகி

பதில்: நீங்கள் சொல்வது "பேசிக் ஹெச்டிஎம்எல்" பக்கம். அதை நிறுத்தப்போவதாக கூகுள் 2023 செப்டம்பரில் அறிவித்து, 2024-இன் தொடக்கத்தில் நிறுத்தியது. வேகம் குறைந்த இணைப்பும் பழைய கம்ப்யூட்டரும் வைத்திருந்தவர்கள், உங்கள் தம்பியைப் போன்றவர்கள் எல்லோரும் நம்பியிருந்த பக்கம் அது. தோற்ற மாற்றத்தில் மிக அதிகமாக இழந்தவர்கள் இவர்கள்தான். இவர்களைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்பட்டது.

தம்பிக்கு நான் சொல்வது, மெயிலுக்குள் வேறு கதவு வழியாகப் போகச் சொல்லுங்கள். இணையப் பக்கம் ஒரு கதவுதான். ஐமேப் என்று இன்னொன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளை நிறுவினால், அது ஐமேப் வழியே அதே முகவரிக்குள் நுழைந்து, அதே கடிதங்களைக் கொண்டுவந்து காட்டும். முகவரி மாறாது, யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தண்டர்பேர்ட் இலவசம், மோசில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனம் பராமரிப்பது. என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பானோடு சேர்ந்து இயங்கும். பெயரையும் முகவரியையும் கொடுத்தால் மீதி விவரத்தை அதுவே கண்டுபிடித்து, கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கும். பாஸ்வேர்டை அந்தப் பக்கத்தில்தான் தட்ட வேண்டும்.

நிறுவியதும் ஒரு வேலை செய்யுங்கள். ஜிமெயில் ஒவ்வொரு லேபிளையும் (கடிதத்தின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு) தனித்தனி ஃபோல்டராகக் காட்டும். அதனால் "ஆல் மெயில்" ஃபோல்டர் எல்லாக் கடிதங்களையும் இரண்டாம் முறை இறக்கத் தொடங்கும். மெதுவான இணைப்பில் இது பெரும் பாடு. அந்த ஃபோல்டருக்கான "சப்ஸ்கிரைப்" (இதை இறக்கிக் காட்டு என்ற தேர்வு) டிக்கை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

தண்டர்பேர்டும் 2023-இல் தன் முகத்தை மாற்றியது. ஆனால் பழைய அட்டவணை வடிவத்தையும் உள்ளேயே வைத்திருக்கிறது, வேண்டியவர் அதைத் தேர்ந்துகொள்ளலாம். மாற்றம் செய்பவர்கள் எல்லோரும் இப்படிச் செய்தால் இந்தப் பகுதிக்கு இவ்வளவு கடிதம் வராது.

இணையப் பக்கமே வேண்டும் என்றால், ஜெனரல் பகுதியில் "கீபோர்ட் ஷார்ட்கட்ஸ்" என்பதை இயக்கிவிடுங்கள். புதிய கடிதம் எழுத சி, அடுத்த கடிதத்துக்கு ஜே, முந்தையதற்கு கே, பதில் எழுத ஆர். பட்டன்கள் எந்த மூலைக்குப் போனாலும் விசைகள் அதே வேலையைத்தான் செய்யும்.

கேள்வி: என்னைக் கேட்காமல் தோற்றத்தை மாற்றியதற்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியுமா?
– மதுரை வாசகர்

பதில்: இலவச மெயிலுக்கு என்றால் கடினம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(42), கட்டணமில்லாமல் தரப்படும் சேவையைச் சேவை என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. நாம் தகவலாகவும் விளம்பரம் பார்க்கும் நேரமாகவும் விலை கொடுக்கிறோமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனால் இன்றைய சட்டத்தின் வாசகம் அப்படித்தான் இருக்கிறது.

சந்தா கட்டுபவர் நிலை வேறு. அவர் நுகர்வோர்தான். ஆனாலும் பட்டன் இடம் மாறியதை மட்டும் சேவைக் குறைபாடு என்று நிரூபிப்பது கடினம். பணம் வாங்கிக்கொண்டு சொன்ன இடத்தைத் தரவில்லை, ரத்து செய்ய விடவில்லை, கேட்காமல் புதுப்பித்துப் பணம் எடுத்தார்கள் என்றால் அது வழக்குக்கு உரிய விஷயம்.

இங்கே இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 13 வகை தந்திரங்கள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. சந்தாவிலிருந்து வெளியேறும் வழியை ஒளித்துவைப்பது, விளம்பரத்தைக் கடிதம் போலவோ செய்தி போலவோ வேடமிட்டுக் காட்டுவது, வேண்டாம் என்ற பட்டனை மங்கலாக்கி வேண்டும் என்பதைப் பளிச்சென்று காட்டுவது எல்லாம் அதில் வரும். புதிய தோற்றத்தில் இப்படி ஏதாவது கண்டால், திரையைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். வெறும் "பிடிக்கவில்லை" என்ற புகாரை மெயிலுக்குள்ளேயே கேள்விக்குறியை அழுத்தி, கருத்து அனுப்பும் வழியில் அனுப்பலாம். "படுமோசம்" என்று எழுதுவதைவிட, எந்த வேலைக்கு முன்பு எத்தனை அழுத்தல், இப்போது எத்தனை என்று எழுதுங்கள்.

கேள்வி: மாதக் கட்டணம் கட்டும் மெயிலுக்குப் போனால் இந்தத் தொல்லை இருக்காதா?
– கோவை வாசகி

பதில்: இருக்கும். கட்டண மெயில்களும் முகம் மாற்றத்தான் செய்கின்றன. விளம்பரம் இருக்காது, கேட்க ஆள் இருப்பார்கள், அவ்வளவே. பணம் கொடுப்பதாக இருந்தால் முதலில் சொந்த டொமைன் பெயர் ஒன்றுக்கு, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் உங்களுக்கே உரிய பெயருக்கு, கொடுங்கள். ஆண்டுக்குச் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆகும். அந்தப் பெயரில் முகவரி வைத்துக்கொண்டால், நாளை எந்த நிறுவனத்தைப் பிடிக்காமல் போனாலும் முகவரியை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். விளம்பரத்தில் காட்டுவது முதல் ஆண்டு விலை. இரண்டாம் ஆண்டு புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

மெயில் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஐமேப் உண்டா என்று கேளுங்கள். எல்லாத் திட்டத்திலும் அது இருக்காது. உதாரணமாக, புரோட்டான் மெயிலை தண்டர்பேர்டோடு இணைக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். அந்தக் கதவு இல்லாத மெயிலில் அவர்கள் காட்டும் திரையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

போவதற்கு முன் கூகுள் டேக்அவுட் மூலம் பழைய கடிதங்களின் நகலை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். எம்பாக்ஸ் என்ற வடிவில் வரும். பழைய முகவரிக்கு வருவது புதியதற்குப் போகும்படி ஃபார்வர்டிங் போடுங்கள். பழையதை அப்படியே மறந்துவிடக் கூடாது. இரண்டு ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை கூகுள் அழிக்கலாம், 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி நடப்பில் இருக்கிறது. வங்கி, பான், வைப்பு நிதி, காப்பீடு என்று ஒவ்வொன்றாக முகவரியை மாற்றி முடிக்க சில மாதம் பிடிக்கும். அதுவரை மாதம் ஒருமுறையாவது பழைய கணக்குக்குள் போய் எட்டிப் பாருங்கள்.