அழாமலே வடியும் கண்ணீர்

என் குழந்தைக்கு 4 மாதம். பிறந்ததிலிருந்தே இடது கண்ணில் நீர் வடிகிறது. காலையில் பீளை ஒட்டிக்கொண்டு இமையே பிரியமாட்டேன் என்கிறது. தாய்ப்பாலைக் கண்ணில் விடச் சொல்கிறார் மாமியார். விடலாமா, டாக்டர்?

வேண்டாம் அம்மா. பாலில் கிருமி சுலபமாக வளரும். கண்ணாடி முன் நின்று உங்கள் கீழ் இமையின் மூக்கோர முனையை லேசாக வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. கண்ணீர் இந்தத் துளைகள் வழியே கண்ணீர்ப் பைக்குப் போய், அங்கிருந்து ஒரு குழாயில் மூக்குக்குள் இறங்கும். அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். சில குழந்தைகளுக்கு அந்தக் குழாயின் கடைசியில் ஒரு மெல்லிய சவ்வு மூடியபடி இருந்துவிடுகிறது. 10 பேரில் 9 பேருக்கு ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது மசாஜ். நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணின் மூக்கோர முனையில் விரல் நுனியை வைத்து, மூக்கை ஒட்டிக் கீழ்நோக்கி அழுத்தி இழுங்கள். வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு நான்கு வேளை. வெறுமனே தடவினால் பயனில்லை, சற்று அழுத்தம் வேண்டும். எப்படி என்று கண் மருத்துவரிடம் ஒருமுறை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். பீளையை, கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். ஒரு வயது தாண்டியும் வடிந்தால், மயக்க மருந்து கொடுத்து மெல்லிய கம்பியால் அடைப்பை நீக்குவோம்; சில நிமிட வேலைதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குழந்தை வெளிச்சத்தைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடினாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ அது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் கண் நீர் அழுத்த நோயாக (குளுக்கோமா) இருக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் ஆனால் கண் எரிந்து நீர் கொட்டுகிறது. ‘கண் உலர்ந்திருக்கிறது’ என்கிறார் டாக்டர். இவ்வளவு நீர் வரும்போது எப்படி உலரும்?

அவர் சொன்னது சரிதான். திரையை உற்றுப் பார்க்கும்போது இமை கொட்டுவது பாதிக்கும் கீழே குறைகிறது. கண்ணீரின் மேல் இருக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் கலைந்து, கண் காய்ந்து உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்குப் பதிலாகத்தான் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டுகிறது. அதில் எண்ணெய்ப்பசை போதாது, நிற்காமல் வழிந்துவிடும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரப் பார்வை, முகத்தில் நேரே அடிக்காத ஏசி ஆகியவை உதவும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், நாள்பட்ட உபயோகத்தில் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். பார்வையே போனவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அப்பாவுக்கு 68 வயது. ஒரு கண்ணில் மட்டும் நீர். மூக்கோரம் அழுத்தினால் சீழ் வருகிறது. ஆபரேஷன் இல்லாமல் முடியாதா?

பெரியவர்களுக்கு அடைபட்ட குழாய் மசாஜில் திறக்காது. மாத்திரை சீழை அடக்கும், அடைப்பு அப்படியே இருக்கும். பையிலிருந்து மூக்குக்குப் புதுவழி அமைக்கும் ‘டிசிஆர்’ அறுவை சிகிச்சைதான் தீர்வு; பெரும்பாலோருக்குப் பலன் தருகிறது. புரை ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சரிசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் சீழ்க்கிருமி கண்ணுக்குள் போகும் ஆபத்து உண்டு.

மகனுக்கு வெயில் காலத்தில் இரண்டு கண்ணிலும் அரிப்பு, நீர்.

அரிப்பு என்றாலே முதலில் அலர்ஜியைத்தான் நினைக்க வேண்டும். கசக்க விடாதீர்கள், கசக்கிக் கசக்கியே கருவிழி கூம்பு வடிவத்தில் முன்தள்ளிவிடலாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து, இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.