பதின்மூன்று நாள் பொறுத்திருக்கலாம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டின் கடைசி ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. 2013-இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி அவருடன் செய்துகொண்ட ஒப்பந்த நீட்டிப்பு தவறு என்று. அவ்வளவுதான், விளக்கம் இல்லை. அந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் இரண்டு நாட்களாக வாக்குவாதம். என் மகன் கல்லூரி அணிக்கு ஆடுகிறான். அணி என்பது தொழில், முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இரண்டு ஆண்டுக்கு 4 கோடியே 85 லட்சம் டாலர் கொடுத்தது மடத்தனம், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் டிம் டங்கனைப் போல அவரே குறைத்துக்கொண்டிருக்க வேண்டும், குறைக்காதது பேராசை என்பது அவன் கட்சி. பதினேழு ஆண்டு உழைத்து ஐந்து கோப்பை வாங்கித் தந்தவரைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டுவிட முடியுமா என்பது என் கட்சி. நீங்கள் யார் பக்கம்? அந்த நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா?

ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியை விளக்காமல் விட்டது என் பிழை. இப்போது முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். 2013 ஏப்ரல் 12, லாஸ் ஏஞ்சலஸ், கோல்டன் ஸ்டேட் அணியுடன் ஆட்டம். நான்காவது கால் பகுதி முடிய மூன்று நிமிடம்தான் இருக்கிறது. பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகப்போன கோபி கீழே விழுகிறார். இடது குதிகாலின் தசைநார் அறுந்துவிட்டது. இரண்டு நாட்களுக்கு முன்புதான் போர்ட்லாந்தில் நாற்பத்தெட்டு நிமிடமும் ஓய்வே இல்லாமல் ஆடி 47 புள்ளிகள் எடுத்திருந்தார். முப்பத்துநான்கு வயது உடம்பு, பருவத்தின் இறுதிக்கட்டப் போட்டிகளான பிளே ஆஃபுக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்ற ஓட்டத்தில் கிழிந்தது. விழுந்தவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் வாய்ப்புகள், கிடைத்திருந்தன. அவற்றை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குதிகாலை ஊன்ற முடியாமல் கோட்டுக்கு நடந்து வந்தார். முகத்தில் வலி தெரிந்தது, தோள் அசையவில்லை. இரண்டும் உள்ளே விழுந்தன, ஆட்டம் 109-க்கு 109 என்று சமன் ஆனது. பிறகு தன் காலிலேயே நடந்து வெளியே போனார். அன்று லேக்கர்ஸ் இரண்டு புள்ளிகளில் வென்றது.

அடுத்த தேதி, அதே ஆண்டு நவம்பர் 25. அன்றுதான் நீட்டிப்பில் கையெழுத்தானது. அறுந்த தசைநாருக்குப் பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

மூன்றாவது தேதி, டிசம்பர் 8. டொரன்டோ அணிக்கு எதிராக மீண்டும் களம் இறங்கினார். ஆறு ஆட்டங்கள் ஆடினார். 17-ஆம் தேதி மெம்பிஸில் இடது முழங்காலில் எலும்பு முறிந்தது. அந்தப் பருவம் அவருக்கு அத்தோடு முடிந்தது.

நான் தவறு என்று சொன்னது, கையெழுத்துக்கும் அவர் மீண்டும் களம் இறங்கியதற்கும் நடுவில் இருந்த அந்தப் பதின்மூன்று நாளைப் பொறுக்காததைத்தான். பழைய ஒப்பந்தம் 2014 ஜூன் வரை கையில் இருந்தது. அதற்குமுன் அவரைத் தட்டிக்கொண்டு போக வேறு எந்த அணிக்கும் வழி இல்லை. அறுந்து தைத்த கால் எப்படி ஓடுகிறது, எப்படி எம்பி இறங்குகிறது என்று பார்க்க ஒரு முழுப் பருவம் கையில் இருந்தது. அப்படி இருக்க எதற்கு அந்த அவசரம்? தொகையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை.

இனி உங்கள் மகனுடைய வாதத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. இவர்கள் ஆடும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. 2014-15 பருவத்தில் ஓர் அணிக்கு அது சுமார் 6 கோடியே 30 லட்சம் டாலர். அதில் 2 கோடியே 35 லட்சம் கோபிக்கு. அதாவது பதினைந்து பேர் அணியில் ஒருவருக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பந்தியில் முதல் இலைக்கே பாதிச் சட்டி போய்விட்டால் கடைசி இலைக்கு ரசம்தான். தன்னிடமே ஆடிய ஆட்டக்காரரை மீண்டும் எடுக்க உச்சவரம்பைத் தாண்டலாம் என்று விதியில் ஒரு சலுகை உண்டு. ஆனால் அப்படிக் கொடுத்த சம்பளமும் அடுத்தடுத்த ஆண்டுகளின் கணக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து ஆள் எடுக்கும் இடம் அந்த அளவுக்குச் சுருங்கும்.

டங்கன் செய்தது பெரிய காரியம்தான். 2011-12-இல் சுமார் 2 கோடியே 10 லட்சம் டாலர் வாங்கியவர், அடுத்த ஆண்டு ஒரு கோடிக்கும் கீழே இறங்கி சான் அன்டோனியோவில் தங்கினார். 2013 இறுதிப்போட்டியில் மயாமியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது அந்த அணி. கடைசி நிமிடத்தில் கூடைக்குப் பக்கத்திலிருந்து எறிந்த பந்து தவறியதும் டங்கன் குனிந்து இரண்டு கையாலும் தரையை அறைந்தார். அவ்வளவு வெளிப்படையாக அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அபூர்வம். மறு ஆண்டு அதே மயாமியை 4-1 என்று வென்றார்கள். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அந்தப் பருவத்தில் ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூடச் சராசரியாக முப்பது நிமிடம் ஆடவில்லை. பயிற்சியாளர் போபோவிச் டங்கனின் நிமிடங்களை எண்ணி எண்ணிச் செலவழித்தார். 2012 மார்ச்சில் ஒரு நாள் அவரை ஆட்டத்துக்கே இறக்காமல், ஸ்கோர் தாளில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'வயதாகிவிட்டது' என்றே எழுதவைத்தார்கள். ஊரே சிரித்தது. எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. அந்த அணியில் வயது என்பது வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல்லாக இருந்தது.

2015-இல் லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் என்ற ஆட்டக்காரர் வருவதற்குச் சம்பளக் கணக்கில் இடம் வேண்டியிருந்தபோது டங்கன் இன்னும் கீழே இறங்கி, சுமார் 50 லட்சத்துக்குச் சம்மதித்தார். அந்த 2015-16 பருவத்தில் ஸ்பர்ஸ் 67 வெற்றி. கோபி 2 கோடியே 50 லட்சம் வாங்கிய அதே பருவத்தில் லேக்கர்ஸ் 17 வெற்றி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் உங்கள் மகன் வாதாடுகிறார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. டங்கன் விட்டுக்கொடுத்த பணத்துக்கு அங்கே வேலை இருந்தது. கவாய் லெனர்ட் என்ற இளைஞனை 2011-லேயே கொண்டுவந்து வளர்த்திருந்தார்கள். பார்க்கரும் ஜினோபிலியும் இருந்தார்கள். லேக்கர்ஸில் என்ன இருந்தது? 2012-இல் முப்பத்தெட்டு வயது ஸ்டீவ் நாஷுக்காக புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். நாஷ் மூன்று பருவ ஒப்பந்தத்தில் ஆடியது மொத்தமே 65 ஆட்டங்கள். டுவைட் ஹோவர்ட் 2013 கோடையில் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். 2014-இல் கோபியின் சம்பளம் போகவும் கார்மெலோ ஆண்டனியை அழைக்கப் பணம் இருந்தது, அழைத்தார்கள், அவர் நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார். பாவ் கசோல் சிகாகோவுக்குப் போனார். கோபி பாதிச் சம்பளத்துக்கு ஆடியிருந்தால் மிச்சப் பணத்தை யாருக்குக் கொடுத்திருப்பார்கள்? இதைச் சொல்லாமல் அவரைப் பேராசைக்காரர் என்பது அநியாயம்.

இன்னொன்றும் இருக்கிறது. விதிப்படி அவர் 3 கோடி டாலருக்கு மேல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, 2013-14-இல் வாங்கிய 3 கோடியே 4 லட்சத்திலிருந்து இறங்கித்தான் கையெழுத்திட்டார். உச்சவரம்பு வானத்திலிருந்து விழுந்த விதி இல்லை, முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் பேரம் பேசி எழுதியது. 2011-இல் முதலாளிகள் ஆட்டங்களை நிறுத்தி, கதவைப் பூட்டிவைத்து நடத்திய அந்தப் பேரத்தில், வருமானத்தில் ஆட்டக்காரர்களின் பங்கு 57 சதவீதத்திலிருந்து பாதி அளவுக்கு இறங்கியது. ஜெர்ரி பஸ் 1979-இல் லேக்கர்ஸை ஓர் ஐஸ் ஹாக்கி அணி, ஓர் அரங்கம், ஒரு பண்ணை எல்லாவற்றோடும் சேர்த்து 6 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2025-இல் அணியை விற்க அவர் குடும்பம் ஒப்புக்கொண்டபோது அதன் மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர். இந்த வளர்ச்சியில் கோபியின் முழங்காலுக்கும் குதிகாலுக்கும் பங்கு உண்டு. உழைத்தவன் கூலியைக் குறைத்துக்கொண்டால் தியாகி, குறைக்காவிட்டால் பேராசைக்காரன் என்ற பேச்சை முதலாளிகள் பேசட்டும். கல்லூரி அணியில் ஆடும் பையன் ஏன் பேச வேண்டும்?

ஆக உங்கள் பக்கம்தானா என்றால், அதுவும் முழுக்க இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த நவம்பரில் லேக்கர்ஸ் செய்ததை நன்றிக்கடன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஒரு பேச்சைத் தவிர்ப்பதற்காகக் கொடுத்த பணம் என்று நான் நினைக்கிறேன். ஜெர்ரி பஸ் அந்த ஆண்டு பிப்ரவரியில் காலமாகியிருந்தார். 1981-இல் தன் அணியின் நட்சத்திரம் மேஜிக் ஜான்சனுக்கு இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தவர் அவர். தன் ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசத் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். அவர் போன பிறகு கோபிக்கு எதிரே உட்கார்ந்து, "உன் கால் பழையபடி இருக்குமா என்று எங்களுக்குப் பயமாக இருக்கிறது, ஜூன் வரை பார்ப்போம், நீ எங்களோடுதான் இருப்பாய், நிமிடங்களைக் குறைக்கலாம், எப்படி ஆடுவது என்று சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்ல அங்கே யாருக்கும் துணிவு வரவில்லை. கையெழுத்துப் போடுவது அதைவிட எளிது. இது என் ஊகம்தான், ஆனால் தேதிகளைப் பார்க்கும்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

அந்தப் பேச்சு நடக்காததற்கு விலை கொடுத்தது கோபியின் உடம்பு. 2014-15-இல் 35 ஆட்டம் ஆடி வலது தோள் தசைநார் கிழிந்தது. கிழிந்த பிறகும் அன்று களத்துக்குத் திரும்பி இடது கையால் எறிந்துகொண்டிருந்தார். எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 37 மட்டுமே விழுந்த பருவம் அது. அணிக்கு 27, 21, 17 என்று ஆண்டுக்கு ஆண்டு வெற்றி குறைந்தது. அவரைச் சுற்றி இருந்த இளம் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கும் தங்கள் ஆட்டம் என்ன என்று கண்டுபிடிக்க இடம் இல்லை.

எனக்கு இது வெறும் தூரத்துச் செய்தி இல்லை. நான் இளவயதில் ஆடிய சங்கத்தில் கூடைக்கு அருகில் நின்று ஆடும் ஒரு மூத்த சென்டர் இருந்தார். நாங்கள் 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு காலை ஐந்தரைக்கு எங்களுக்கு முன்னால் வந்து கோர்ட்டைப் பெருக்கி வைத்திருப்பார். ஒரு வருடம் மாவட்டப் போட்டிக்கான பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அவர் பெயர் இல்லை. யாரும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. பையைத் தோளில் மாட்டியபடி பன்னிரண்டு பெயரையும் விரல் வைத்து மேலிருந்து கீழே படித்தார், மறுபடி மேலிருந்து படித்தார். எங்களைப் பார்த்து, "நல்லா ஆடுங்கடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரை நீக்கியது சரியான முடிவு, முழங்கால் போய்விட்டிருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்லாததை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பணம் இல்லாத சங்கம் பலகையில் ஒட்டியது, பணம் இருந்த சங்கம் காசோலையில் கையெழுத்திட்டது. இரண்டிலும் ஒரே பேச்சுதான் நடக்காமல் போனது.

உங்கள் கடைசிக் கேள்வி: நான் அந்த நாற்காலியில் இருந்தால்? கோபியை விட்டிருக்க மாட்டேன். 2014 ஜூன் வரை பொறுத்திருப்பேன். பிறகு ஓர் ஆண்டு ஒப்பந்தம், உடம்பு தாங்கினால் அடுத்த ஆண்டுக்கு இன்னொன்று. தொகை 2 கோடிக்குப் பக்கத்தில் இருந்தாலும் கொடுத்திருப்பேன், ஏனென்றால் அந்தச் சமயத்தில் அதை வைத்து வாங்க வேறு நல்ல சரக்கு சந்தையில் இல்லை. ஆனால் நிமிடங்களை நான்தான் எண்ணியிருப்பேன். டல்லாஸ் அணி தன் மூத்த ஆட்டக்காரர் நோவிட்ஸ்கியிடம் 2014-இல் நடந்துகொண்டதைத்தான் முன்மாதிரியாக வைத்திருப்பேன்: மூன்று ஆண்டுக்கு 2 கோடியே 50 லட்சம், மொத்தத்துக்கும். அதன்பிறகும் அவர் அதே சட்டையில் இருபத்தொன்றாவது பருவம் வரை ஆடினார். அந்தத் தொகையை எந்த அணியாலும் வற்புறுத்தி வாங்க முடியாது. எதிரே இருப்பவரை நம்பினால்தான் ஒரு மனிதர் தானாக அப்படிச் சொல்வார்.

கடைசி ஆட்டத்தைப் பற்றிய கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அது 2016 ஏப்ரல் 13 இரவு ஆட்டம், நமக்கு 14-ஆம் தேதி காலை, சித்திரை முதல் நாள். வீட்டில் வேப்பம்பூப் பச்சடி தாளிக்கும் வாசனையோடு உட்கார்ந்து பார்த்தேன். யூட்டா அணிக்கு எதிராக ஐம்பது முறை எறிந்து அறுபது புள்ளிகள் எடுத்தார். முப்பத்தேழு வயது, இருபதாவது பருவம். 59-ஆவது, 60-ஆவது புள்ளிகள் இரண்டும் ஃப்ரீ த்ரோவில் வந்தவை. அதற்குப் பிறகும் சில விநாடிகள் மிச்சம் இருந்தன. பந்து மறுபடி அவர் கைக்கு வந்தது. அரங்கமே எழுந்து நின்றிருந்தது. அவர் எறியவில்லை. எதிர்முனைக்கு ஓடிய கிளார்க்சன் என்ற இளைஞனுக்கு நீளமாகத் தூக்கிக் கொடுத்தார், அவன் கூடையில் போட்டான்.

2013-இல் அந்தக் கோட்டில் நின்று எறிந்த இரண்டையும், 2016-இல் எறிந்த இரண்டையும், கடைசியில் கொடுத்த அந்தப் பந்தையும் மகனோடு சேர்ந்து ஒருமுறை பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

அன்புடன்