எசேக்கியா ராஜாவைப்போல அழுது ஜெபித்தால் நமக்கும் ஆயுள் கூடுமா? அவர் வாழ்க்கை சொல்லும் பாடம் என்ன?

கேட்டவர் வீட்டில் யாரோ படுக்கையில் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சாகக் கிடந்து, அழுது ஜெபித்து, தேவனிடம் இன்னும் பதினைந்து வருஷம் ஆயுள் வாங்கிய பைபிள் ராஜா எசேக்கியா. நன்றாக இருக்கும் நாளில் யாருக்கும் எசேக்கியா நினைவுக்கு வருவதில்லை. தாவீது வருவார், சாலொமோன் வருவார். எசேக்கியா ஆஸ்பத்திரியில்தான் வருவார். பார்க்க வந்தவர் ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, "பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்த தேவன்" என்று ஆரம்பிப்பார். 2008இல் அப்பாவுக்கு மதுரையில் இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஒரே வாரத்தில் நான்கு பேர் இதைச் சொன்னார்கள்.

நான் போதகன் அல்ல, இறையியல் படித்தவனும் அல்ல. "விசுவாசக் குறைவு" என்று கருத்துப் பகுதியில் எழுதக் காத்திருப்பவர்கள் ஒரு நிமிஷம் பொறுங்கள். எங்கள் வீட்டில் ஜெபம் கேட்கப்பட்டது. அப்பா பிழைத்தார், அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தார். என் மனத்தாங்கலே அந்தப் பத்து வருஷத்தைப் பற்றியதுதான்.

பைபிளில் 2 இராஜாக்கள் 20ஆம் அதிகாரத்தைக் கணக்கோடு படித்துப் பாருங்கள். எசேக்கியா 25 வயதில் யூதாவின் ராஜாவானார், 29 வருஷம் ஆண்டார். 29இல் 15 போனால் 14. அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்ததும் அவருடைய 14ஆம் வருஷத்தில்தான். ஆக, வியாதி வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அரணான பட்டணங்கள் ஒவ்வொன்றாக அசீரியன் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவருக்குப் பின் ஆண்ட மனாசே, பட்டத்துக்கு வரும்போது 12 வயதுப் பையன். வியாதியின்போது பிறந்திருக்கவே இல்லை. வாசலில் எதிரி, வாரிசு இல்லை, உடம்பில் பிளவை. அந்த நேரம் பார்த்து ஏசாயா தீர்க்கதரிசி வந்து, வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும், நீர் பிழைக்கமாட்டீர் என்கிறார். மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பி அழாமல் வேறென்ன செய்வார்?

அப்பாவும் அப்படித்தான் படுத்திருந்தார். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின ராத்திரி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கட்டிலை ஒட்டிய சுவரில் பச்சைப் பெயின்ட் உரிந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். காலையில் தலையணை உறையெல்லாம் பெயின்ட் தூள். அம்மா அதைத் தட்டிவிட்டபடி, "அவர் அழுதிருக்கிறார்" என்றாள். அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை.

ஜெபத்தைப் பற்றி மட்டும் பிரசங்கம் செய்பவர்கள் தாண்டிப் போகிற ஒரு வசனம் உண்டு. பதினைந்து வருஷம் தருகிறேன் என்ற வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்ட பிறகுதான் ராஜா பிழைக்கிறார். அந்த வாக்குக்கு அடையாளமாக ஆகாசின் சூரிய கடியாரத்தில் நிழலைப் பத்துப் பாகை பின்னுக்குத் தள்ளிய தேவனுக்கு அத்திப்பழம் எதற்கு? ஆனாலும் பற்றுப் போட்டார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆட்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் இந்த வசனத்தைக் காட்டுங்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். அம்மா காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அப்பா வரலாற்று ஆசிரியர். ராஜாக்களிலேயே எசேக்கியாதான் அவருக்குச் செல்லம். காரணம் ஜெபம் அல்ல, சுரங்கம். எருசலேமின் மதிலுக்கு வெளியே கீகோன் ஊற்று. முற்றுகை போட வரும் அசீரியனுக்கு அந்தத் தண்ணீர் கிடைக்கக்கூடாது, ஊருக்குள் இருப்பவர்களுக்கு நிற்கவும் கூடாது. பாறையைக் குடைந்து 533 மீட்டர் தூரத்துக்குச் சீலோவாம் குளம் வரை தண்ணீரைக் கொண்டுபோனார்கள். இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம் வெட்டி வந்து நடுவில் சந்தித்தது. மூன்று முழப் பாறை மிச்சம் இருந்தபோது ஒருவர் கூப்பிடும் குரல் மற்றவருக்குக் கேட்டதாகச் சுவரிலேயே எபிரெயுவில் வெட்டி வைத்திருந்தார்கள். 1880இல் கண்டெடுத்த அந்தக் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சனகெரிப் தன் பங்குக்குக் களிமண் பட்டகத்தில், யூதாவின் 46 கோட்டை நகரங்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்தேன் என்று எழுதி வைத்தான். எருசலேமைப் பிடித்ததாக மட்டும் எழுதவில்லை. கி.மு. 701. "பிடித்திருந்தால் எழுதாமல் விட்டிருப்பானா?" என்று அப்பா வகுப்பில் கேட்பாராம். அவரிடம் படித்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

2012இல் சபையாரோடு புனிதப் பயணம் போய், முழங்கால் தண்ணீரில் டார்ச் பிடித்துக்கொண்டு அந்தச் சுரங்கத்துக்குள் நடந்துவிட்டு வந்தார். நனைந்த பேன்ட்டோடு எடுத்த படத்தை வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் காட்டினார். நெஞ்சிலிருந்த தையல் தழும்பையும் காட்டுவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு, சித்தப்பாவின் மருமகன் கேட்டார் என்று தகரப்பெட்டியைத் திறந்து பத்திரங்களையும் எடுத்துக் காட்டினார். மருமகன் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். பாபிலோனிலிருந்து நலம் விசாரிக்க வந்த ஸ்தானாபதிகளுக்கு எசேக்கியா தன் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டினாரே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒப்பீடு கொஞ்சம் மிகைதான். எங்கள் தகரப்பெட்டியில் இருந்தது தேரிக்காட்டில் ஒரு ஏக்கர் எண்பது சென்ட் பனைவிளையும் ஓர் ஓட்டு வீடும்.

காட்டியதற்காகப் பிரசங்கிமார் எல்லாரும் ராஜாவைத் திட்டுகிறார்கள். அது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. சாவிலிருந்து எழுந்து வந்தவருக்குக் கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்யும். என்னைத் தைப்பது அதற்கு அடுத்த இடம். இதெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும், உம் குமாரரும் அங்கே அரமனை வேலைக்காரராக இருப்பார்கள் என்று ஏசாயா சொல்கிறார். தன் சாவுக்கு அப்படி அழுத மனுஷன் இதற்கு அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. "என் நாட்களிலாவது சமாதானமும் உண்மையும் இருக்குமே" என்கிறார்.

அந்த விளை கூட்டுப் பட்டாவில் இருந்தது. தாத்தா வாய்ச்சொல்லாகப் பாகம் பிரித்துவிட்டுப் போய்விட்டார். இந்தப் பனை வரை உனக்கு, அந்தப் பனை வரை தம்பிக்கு என்று. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வருஷமே நான் சொன்னேன். சித்தப்பாவைக் கூப்பிட்டு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுவிடலாம், சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்துவிடலாம், ஒரு வாரத்து வேலை. பத்து வருஷத்தில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "பேச்செடுத்தால் தம்பி மனசு சங்கடப்படுவான். என் காலம் வரைக்கும் சண்டை சச்சரவு இல்லாமல் போகட்டும். பிறகு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

எசேக்கியாவுக்குப் பிறகு மனாசே 55 வருஷம் ஆண்டு, தன் தகப்பன் இடித்த விக்கிரக மேடைகளையெல்லாம் திரும்பக் கட்டினான். அவர் அன்றே செத்திருந்தால் மனாசே பிறந்திருக்கமாட்டானே என்று சிலர் எழுதுகிறார்கள். அது அரைகுறைப் பேச்சு. மனாசே இல்லாவிட்டால் அவன் பேரன், நல்ல ராஜா என்று பெயரெடுத்த யோசியாவும் இல்லை. ஆயுளைக் கேட்டது தப்பு என்று நான் சொல்லவே இல்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்து என்று முதலில் வந்த கட்டளையை, பிழைத்த பிறகு யாரும் ரத்து செய்யவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

அப்பா 2018இல் போனார். அடக்கத்துக்கு முன்பே ஒரு கூத்து நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கப் போனபோது, சபை அலுவலகத்தில் என் பெயரில் மூன்று வருஷச் சங்கக் காணிக்கை பாக்கி என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள். நான் சென்னையில் இருக்கிறேன், அங்கே கட்டுகிறேன் என்றேன். அந்த ரசீதைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவரின் பெட்டி வீட்டு முற்றத்தில் இருக்கிறது, நான் ரசீது தேடுகிறேன். கடைசியில் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆறவில்லை.

அடுத்த வருஷம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மருமகன் எடுத்த படங்கள் அப்படியே இணைப்பாக இருந்தன. இன்றுவரை வாய்தாதான். அத்தை இரண்டு பக்கமும் பேச்சை நிறுத்திவிட்டாள். விளையில் பனையேற ஆள் விடவும் யாருக்கும் உரிமை இல்லை.

போன வாய்தாவுக்குச் சித்தப்பாவும் வந்திருந்தார். கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சில்தான் உட்கார இடம். வாதியும் பிரதிவாதியும் பக்கத்தில் பக்கத்தில். "சாப்பிட்டாயா தம்பி?" என்றார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். கொஞ்ச நேரம் எதிரே இருந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஏன் கேட்கவே இல்லை?" என்றார்.

உங்கள் மனசு சங்கடப்படும் என்று பயந்தார் என எப்படிச் சொல்வது? அதற்குள் டவாலி எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.