டிலாபிடேட் - கேள்வி பதில்

கேள்வி: பழைய வீடுகளில் ஒட்டும் நோட்டீஸில் 'டிலாபிடேட்டட்' (பாழடைந்தது) என்று போடுகிறார்கள். 'டிலாபிடேட்' என்ற அதன் வினைச்சொல்லுக்குள் கல் இருக்கிறதாமே சார்?

பதில்: இருக்கிறது. லத்தீனில் 'லாபிஸ்' என்றால் கல். லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லின் பெயரில் வருவதும் அதுதான். ஆனால் சுவரிலிருந்து கல் பெயர்ந்து விழுவதுதான் மூலப்பொருள் என்று பலர் சொல்வது சரியில்லை. 'டிலாபிடாரே' என்றால் கல்லை வீசியதுபோல நாலாபக்கமும் சிதறடிப்பது. ரோமானியர்கள் அதைக் காசுக்கும் சொன்னார்கள். கி.மு. 161-இல் மேடையேறிய, ரோமானிய நாடக ஆசிரியர் டெரன்ஸின் நாடகத்தில், நம் முப்பது மினா பணத்தை அவன் கரைத்துவிடுவதற்குள் போய் வாங்கிவிட வேண்டும் என்று பதறும் இடத்தில் வருவது இதே வினை. வாரி இறைத்தான் என்கிறோமே, அதேதான். பிறகு விவசாயம் பற்றி எழுதிய கொலுமெல்லா என்ற ரோமானியர், மனிதனும் மாடும் பாடுபட்டதை ஆலங்கட்டி மழை பாழாக்குவதற்கு இந்தச் சொல்லை எடுத்தார். அங்கே நிஜமாகவே கல்மழை!

கேள்வி: காசிலிருந்து கட்டடத்துக்கு எப்படி வந்தது?

பதில்: என் கணக்கில், பாதிரியார்கள் வழியாக. இங்கிலாந்துத் திருச்சபையில் பங்கு குருவுக்கு வீடு உண்டு. அந்தக் காலத்தில் அதைப் பழுது பார்ப்பது அவர் பொறுப்பாக இருந்தது. வருமானத்தை அனுபவித்துவிட்டுக் கூரையைக் கவனிக்காமல் அவர் இறந்துபோனால், அடுத்து வருபவர் அவர் விட்டுப்போன சொத்திலிருந்து செலவைக் கேட்டு வழக்குப் போட முடிந்தது. அதற்குப் பெயர் 'டிலாபிடேஷன்ஸ்'. இந்தத் தகராறுகளுக்காக 1871-இல் தனிச் சட்டமே வந்தது. சபைச் சொத்தை வீணடித்தவர் மேல் சொன்ன சொல், ஒழுகும் வீட்டோடு ஒட்டிக்கொண்டது.

கேள்வி: லண்டனில் கடை வைத்திருக்கிறேன் அண்ணா. லீஸ் முடியும் நேரத்தில் 'டிலாபிடேஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். கடை நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: கடை இடியப்போகிறது என்று அர்த்தமில்லை தம்பி. லீஸில் நீங்கள் ஒப்புக்கொண்ட பழுது, பெயின்ட் வேலைகளில் எது பாக்கி என்ற பட்டியல் அது. பழுதுபார்க்காததற்கான நஷ்டஈடு, அதனால் கட்டடத்தின் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அதற்கு மேல் போகக்கூடாது என்று 1927-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஓனர் எப்படியும் இடிக்கப்போகிறார் என்றால் அந்தப் பழுதுக்குக் கேட்கவே முடியாது. பணம் கட்டுவதற்கு முன் ஒரு சர்வேயரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மர வீட்டுக்குச் சொல்லலாமா? கல் வேண்டுமே!

பதில்: தாராளமாகச் சொல்லலாம். கூடாது என்று அடம்பிடித்த பண்டிதர்கள் இருந்தார்கள், யாரும் கேட்கவில்லை.

கேள்வி: பிரெஞ்சிலும் இதே பொருளா?

பதில்: இல்லை. அங்கே 'டிலாபிடே' என்றால் இன்றும் சொத்தை ஊதாரித்தனமாக அழிப்பதுதான். ஸ்பானிய மொழியிலும் அப்படியே. ஆங்கிலம்தான் வீட்டுப் பக்கம் போய்விட்டது.

கேள்வி: 'அவர் உடல்நிலை டிலாபிடேட் ஆகிறது' என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு 'டிடீரியரேட்' போதும். 'டிலாபிடேட்' என்ற வினையே இப்போது அபூர்வம். புழக்கத்தில் இருப்பது 'டிலாபிடேட்டட்'தான், அதுவும் கட்டடம், வண்டி, மேஜை நாற்காலிக்கு.