எஸ்டிமேட்டில் ‘டேடோ’ என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன? ஸ்கர்ட்டிங்கும் அதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. தரையை ஒட்டிச் சுவரில் நாலு இன்ச் உயரத்துக்கு ஓடும் பட்டை ஸ்கர்ட்டிங். வீடு துடைக்கும்போது மாப் பட்டு பெயின்ட் பாழாகாமல் இருக்க அது போதும். டேடோ அதைவிட உயரம். தண்ணீரோ எண்ணெயோ தெறிக்கிற சுவர்ப் பகுதியில், பெயின்டுக்குப் பதிலாகக் கழுவித் துடைக்கக்கூடிய டைல்ஸ் ஒட்டுவது.

இங்கிலாந்து வீடுகளில் நாற்காலி முதுகு உரசிச் சுவர் கெடாமலிருக்கக் கீழ்ப்பாதிக்குப் பலகை அடிப்பார்கள். அங்கே அதுதான் டேடோ. நம்மூர் அரசுப் பள்ளி, ஆஸ்பத்திரி வராண்டாக்களில் இடுப்பு உயரத்துக்கு ஆயில் பெயின்ட் அடித்திருப்பார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். யூடியூபில் ‘பேக்ஸ்பிளாஷ்’ என்று காட்டுவது கிச்சன் டேடோவைத்தான். கடையில் போய் ‘வால் டைல்ஸ்’ என்று கேளுங்கள், போதும்.

எஸ்டிமேட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது உயரம். கிச்சனில் ‘2 அடி’ என்றால் மேடைக்கு மேலே 2 அடி, தரையிலிருந்து அல்ல. மேல் கப்போர்டு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்கும். பாத்ரூமில் ‘7 அடி’ என்பது தரையிலிருந்து, அதாவது கதவின் லிண்டல் (கதவுக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டை) மட்டம் வரை. ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடியில், அதாவது நீளத்தை மட்டும் வைத்து வரும், டேடோ சதுர அடியில் வரும். 8க்கு 5 பாத்ரூம் என்றால் சுற்றளவு 26 அடி, 7ஆல் பெருக்கினால் 182. அதில் இரண்டரை அடி அகலம், 7 அடி உயரமுள்ள கதவைக் கழித்தால் 164½ சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்துத்தான் அளப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பில் வந்த பிறகு கேட்டால் சண்டைதான்.

டைல்ஸ் எடுக்கும்போது இன்னொன்று. சாதாரண செராமிக் வால் டைல்ஸ் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், அதனால் ஊறவைத்து சிமென்ட் பாலில் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். தரைக்குப் போடுகிற கெட்டியான விட்ரிஃபைடு டைல்ஸ் கிட்டத்தட்ட உறிஞ்சவே உறிஞ்சாது. தரைக்கு வாங்கி மிஞ்சியதை அப்படியே சுவரில் சிமென்டில் ஒட்டச் சொன்னால், கொஞ்ச காலத்தில் தட்டிப் பார்க்கும்போது ‘டொக் டொக்’ என்று உள்ளே வெற்றுச் சத்தம் கேட்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று வரும். விட்ரிஃபைடுதான் வேண்டுமென்றால் டைல் அட்ஹெசிவ் (டைல்ஸ் ஒட்டும் பசை) போட்டே ஆக வேண்டும், அந்தச் செலவு எஸ்டிமேட்டில் இருக்கிறதா பாருங்கள். டார்க், லைட், ஹைலைட்டர் (டிசைன் போட்ட டைல்ஸ்) என்று செட்டாக விற்பதில் ஹைலைட்டர் மட்டும் விலை ஏறும். என்னைக் கேட்டால் அது தேவையே இல்லை, பூ டிசைன் சீக்கிரம் அலுத்துவிடும்.

பூச்சு வேலைக்கு முன்பே டேடோ உயரத்தைக் கொத்தனாரிடம் சொல்லி, அந்த அளவுக்குச் சுவரைப் பூசாமல் விடச் சொல்லுங்கள். அப்போதுதான் டைல்ஸும் மேல் பூச்சும் ஒரே மட்டத்தில் வரும். பூசி முடித்த சுவர்மேல் ஒட்டினால் டைல்ஸின் மேல்விளிம்பு அரை இன்ச்சாவது துருத்திக்கொண்டு நிற்கும். கிச்சனில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிகிற இடம் அதுதான்.