ஆலோசகர் இயக்குநராகும்போது

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிறுவனங்களுக்கு வரி ஆலோசகராக இருக்கிறேன். இனி இயக்குநர் வாரியங்களில் பணியாற்ற விருப்பம். என் வாடிக்கையாளரான செம்பனை நிறுவனம் ஒன்றே அழைக்கிறது. ஏற்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, தங்கள் விருப்பம் நியாயமானது, ஆனால் இந்த அழைப்பை இப்போது ஏற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கட்டணம் பெற்றுக்கொண்டு தாங்களே வகுத்துக் கொடுத்த வரித் திட்டத்தை, வாரியத்தில் அமர்ந்து தாங்களே தயக்கமின்றிக் கேள்வி கேட்பது எளிதன்று. அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாயின், அதன் ஆலோசகராக இருப்பவரைச் சுயேச்சை இயக்குநராக, அதாவது நிறுவனத்தைச் சாராத இயக்குநராக, ஏற்பதற்கு நாட்டின் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் விதிகளும் கட்டுப்பாடு விதிக்கின்றன.

கருத்தை எழுதிக் கொடுத்ததும் ஆலோசகரின் வேலை முடிகிறது. ஏற்பதும் தள்ளுவதும் நிறுவனத்தின் பாடு. இயக்குநரோ முடிவெடுத்து, அதற்குச் சட்டத்தின் முன் பொறுப்பும் ஏற்க வேண்டியவர். நிபுணர் சொல்லை அவர் நம்பலாம் என்று 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 215ஆம் பிரிவு அனுமதித்தாலும், அதைச் சுயமாக மதிப்பிட்ட பிறகே நம்ப வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. 213ஆம் பிரிவு இன்னும் கண்டிப்பானது: நல்லெண்ணம், அக்கறை, விழிப்பு ஆகியவற்றைக் கோருவதோடு, இயக்குநரிடம் உண்மையில் உள்ள கூடுதல் அறிவையும் அனுபவத்தையும் கணக்கில் கொள்கிறது. ஆகவே வரிக் கோளாறு ஒன்று எழுந்தால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் வாய்ப்பு மற்றவர்களைவிடத் தங்களுக்கு மிகக் குறைவு. இப்பிரிவை மீறுவோருக்கு 5 ஆண்டு வரை சிறையோ 30 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வாரியப் பணியைத் தங்கள் ஊரிலேயே தொடங்கலாம். தோட்டத் தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவதற்காக, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவிய துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கூட்டுறவுச் சங்க வாரியமோ தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியமோ சிறிய இடமென்று எண்ண வேண்டாம். பத்துப் பேர் கூடிப் பேசி முடிவெடுப்பதும், மாற்றுக் கருத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்வதும், தனியாக அறிக்கை எழுதிப் பழகியவர்களுக்குப் பயிற்சியால் மட்டுமே வரும். விடை சொல்லியே பழகிய தாங்கள் இனிக் கேள்வி கேட்கப் பழக வேண்டும். இதுதான் உண்மையிலேயே கடினமான மாற்றம்.

பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் முதன்முறை நியமனம் பெறுவோர் கட்டாய அங்கீகாரப் பயிற்சியை முடிக்க வேண்டும். எந்த அழைப்பாயினும், கடந்த மூன்று ஆண்டுக் கணக்குகளையும் கணக்காய்வாளரின் அறிக்கையையும் வாங்கிப் படியுங்கள். இயக்குநர்களுக்கான பொறுப்புக் காப்புறுதி உண்டா என்று நிறுவனச் செயலாளரிடம் விசாரியுங்கள். தாங்கள் அமரப்போகும் இடத்தில் இருந்தவர் ஏன் விலகினார் என்றும் நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம்.